வார்ட்டை விட்டு இறங்கிய ஊசி

பிலிமத்தலாவையில் கண்டி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் சில வேளை ஒருவரைக் காணலாம். புறங்கையில் வெள்ளைப் பிளாஸ்டர், அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் சின்ன மூடி: நாளத்தில் செருகிய கனுலாக் குழாய். வீட்டில் தூங்கி எழும்பி, நாளுக்கொரு தடவை ஊசிக்கு மட்டும் போய் வருபவர். இப்படிக் கட்டிலை விட்டு இறங்க, நாளத்தில் ஏற்றும் மருந்துக்கு முந்நூறு வருடங்களுக்கு மேல் பிடித்தது.

1656இல் ஒக்ஸ்போர்ட்டில், பின்னாளில் லண்டன் சென் போல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், வாத்திறகின் காம்பைக் குழாயாக்கி ஒரு நாயின் நாளத்தில் அபின் கரைசலைச் செலுத்தினார். வங்காளத்தில் கிளம்பிய கொலரா 1831இல் இங்கிலாந்தை எட்டியது. நோயாளியின் இரத்தத்தில் நீரும் உப்பும் வற்றுவதைக் கண்டவர் ஒ'ஷானசி என்ற மருத்துவர். மறு வருடம் ஸ்கொட்லாந்தில் உப்புநீரை நாளத்தில் ஏற்றிப் பார்த்தவர் தோமஸ் லாட்டா. நம்முடைய சேலைன் அங்கே பிறந்தது. ஒ'ஷானசியோ கப்பலேறி, கொலரா புறப்பட்ட வங்காளத்துக்கே வேலைக்குப் போனார்.

1941 பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட்டில் ஒரு பொலிஸ்காரருக்குப் பெனிசிலின் ஏற்றினார்கள். ஏறிய வேகத்தில் அது சிறுநீரோடு இறங்கியது. அந்தச் சிறுநீரைச் சேர்த்து, சைக்கிளில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். தேறி வந்த மனிதர், மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பி மார்ச்சில் இறந்துபோனார். அந்தச் சைக்கிள் பயணத்தை என்னால் மறக்க முடியவில்லை. உடம்பில் தங்காத மருந்தென்றால் சில மணிக்கொரு ஊசி வேண்டும். நோயாளி தாதியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்க வேண்டும்.

விடுதலைக்கு வழி சாக்கடையில் கிடந்தது. 1945இல் இத்தாலியின் சார்டீனியாத் தீவில், கழிவுநீர் கடலில் விழும் இடத்தில் ஜுசெப்பே ப்ரோட்சு கிருமி கொல்லும் ஒரு பூஞ்சணத்தைப் பிடித்தார். அதுவும் ஒக்ஸ்போர்ட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதன் வம்சத்தில் 1980களில் சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பனி கொண்டுவந்த செஃப்ட்ரியாக்ஸோன், இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதால், பல நோய்களுக்கு நாளுக்கு ஒரு ஊசியே போதும். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா செய்த பிளாஸ்டிக் குழாயும் கைகொடுத்தது: இரும்பூசியை உருவிவிடலாம், மெல்லிய குழாய் மட்டும் நாளத்தில் தங்கும், கையை மடக்கலாம். 1974இல் ரக்கரும் ஹாரிசனும், நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நாளவழி மருந்து கொடுத்ததை எழுதினார்கள்.

மருந்து நம் கைக்கு எட்டவும் வேண்டுமே. பிலிமத்தலாவைக்குப் பக்கத்துப் பேராதனையில் மருத்துவ பீடாதிபதியாக இருந்தவர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் சொந்தப் பெயரால் மலிவாக வாங்கப் பழக்கினார். அதனால்தான் இங்கே துண்டில் ‘செஃப்ட்ரியாக்ஸோன்’ என்று எழுதியிருந்தாலே மருந்து கைக்கு வருகிறது.