கல்லும் கெடுவும்

காலிமுகத்திடலின் நடைபாதையை 1859இல் நிறைவேற்றிய ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்டிர், சிறார் நலன்கருதி அதனைப் பேணுமாறு தம் பின்வருவோரைக் கல்லிற் பொறித்து வேண்டினார். வேண்டுகோளுக்குக் கெடுவுமில்லை; தவறினாற் கேட்பாருமில்லை.

கடமையைச் சட்டமாக்குவது பிறகு வந்த வழி. விகாரமகாதேவிப் பூங்காவைப் பேணும் கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாற் பிறந்தது. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமோ, அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் சபைமுன் வைக்கும் கடமையை மேயர்மேற் சுமத்தியது. பூங்காத் தொழிலாளியின் கூலியும் அந்த ஏட்டிலேயே அடங்கும்.

ஆயின், 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அம்மாதமே சபையின் காலமும் முடிந்தது. மக்கள் வாக்களித்தது 2025 மே 6இல். இடைக்காலத்தில் ஏடு அதிகாரியின் கையில். கணக்குக் கேட்க மக்களின் பிரதிநிதி இல்லை. தேர்தலின் கெடு தவறினால், ஏனைய கெடுக்கள் யாருக்காக?