குறிக்கோள் தீர்மானமும் அம்பேத்கர் எழுப்பிய கேள்வியும்

அரசமைப்புச் சட்டங்கள் பலவற்றுக்கும் முன்னோடியாக ஓர் அரசியல் தீர்மானம் இருந்திருக்கிறது. இந்தியாவில் அந்த இடத்தைப் பெறுவது குறிக்கோள் தீர்மானம். 1946 டிசம்பர் 13 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் ஜவஹர்லால் நேரு அதனை முன்மொழிந்தார். 1947 சனவரி 22 அன்று சபை அதனை ஏற்றுக்கொண்டது. இந்தியா இறையாண்மையுள்ள சுதந்திரக் குடியரசாக அமையும், சமூக, பொருளாதார, அரசியல் நீதி அனைவருக்கும் உறுதி செய்யப்படும், சிறுபான்மையினருக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் போதிய பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அது அறிவித்தது. இன்றைய முகப்புரையின் மூலம் அதுவே.

இத்தீர்மானத்தின் மீது டிசம்பர் 17 அன்று உரையாற்றிய அண்ணல் அம்பேத்கர் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டினார். முதலாவது, தீர்மானம் உரிமைகளைப் பேசுகிறது. அவை மீறப்படும்போது மக்கள் நாடக்கூடிய தீர்வழிகளைப் பேசவில்லை. தீர்வழி இல்லாத உரிமை உரிமையே அன்று. இரண்டாவது, பொருளாதார நீதி மெய்ப்பட வேண்டுமெனில், தொழில்களும் நிலமும் நாட்டுடைமையாகும் என்று வெளிப்படையாகக் கூறியிருக்க வேண்டும்.

இவ்விரு குறைகளும் வெவ்வேறு முடிவுகளை எய்தின. வரைவுக் குழுவின் தலைவராக அம்பேத்கர் பொறுப்பேற்ற பின் உருவான அரசமைப்பில், அடிப்படை உரிமை பறிக்கப்பட்டவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாட 32ஆம் பிரிவு வழிசெய்தது. அதனை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று 1948 டிசம்பர் 9 அன்று அவர் வருணித்தார். தீர்மானத்தில் இடம்பெறாத 'சகோதரத்துவம்' என்னும் சொல்லையும் வரைவுக் குழுவே முகப்புரையில் சேர்த்தது. சாதியால் பிளவுண்ட சமூகத்தில் அது வெறும் அலங்காரச் சொல் அன்று.

நிலம் பற்றிய கோரிக்கையோ நிறைவேறவில்லை. வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும் என்று பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் 1947இல் அவர் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் மனு வலியுறுத்தியது. அரசமைப்பிலோ பொருளாதார நீதி பெரும்பாலும் வழிகாட்டு நெறிகளில் அடங்கியது. அவற்றை நீதிமன்றத்தின் வழியே நிலைநாட்ட இயலாது என்று 37ஆம் பிரிவு கூறுகிறது.

17ஆம் பிரிவின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அது அறிவிப்பதோடு நில்லாமல், அதைக் கடைப்பிடிப்பது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்றும் கூறுகிறது. ஆயினும் தண்டிக்கும் சட்டம் 1955இல்தான் வந்தது. அது போதாமையால் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது.

தீர்மானங்கள் வரலாற்றின் திசையைக் காட்டுகின்றன. அத்திசையில் மக்கள் நடக்கப் பாதை அமைப்பவை செயல்படுத்தத்தக்க சட்டங்களே. ஆகவே, சமத்துவத்தின் பெயரால் எந்த அவையில் எந்தத் தீர்மானம் நிறைவேறினும், 1946இல் அம்பேத்கர் கேட்டதையே ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்க வேண்டியுள்ளது: இவ்வுரிமை மீறப்பட்டால் தீர்வழி என்ன?