தியாகராய நகர்: குடியிருப்பும் கடைவீதியும்

தியாகராய நகர் சென்னை மாநகரில் உள்ள ஒரு குடியிருப்பு, வணிகப் பகுதி. பேச்சு வழக்கில் தி. நகர் எனப்படுகிறது. 1920களில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிடப்பட்ட இது, பின்னர் தமிழ்நாட்டின் முதன்மையான சில்லறை வணிக மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. வேண்டியவை எல்லாம் நடக்கும் தொலைவில் கிடைப்பது இங்கு வாழ்வதன் சிறப்பு. அதற்காகவே ஊர் முழுவதும் இங்கு வந்து குவிவது இதன் குறை. இவ்விரண்டும் சேர்ந்தே வளர்ந்ததுதான் இப்பகுதியின் நூறாண்டு வரலாறு.

ஏரி இருந்த இடம்

தி. நகர் அமைந்துள்ள நிலத்தின் பெரும்பகுதி முன்பு ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கில் நீண்டு கிடந்த இந்நீர்நிலையை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதில் படகுப் போட்டிகள் நடந்தன. ஏரியின் மேற்கில் மாம்பலம் கிராமம் இருந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை, நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலை ஆகிய பெயர்கள் அந்த ஏரியின் நினைவாக இன்றும் எஞ்சியுள்ளன. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் இந்த ஏரிப்படுகையில் கட்டப்பட்டதே.

திட்டமிட்ட குடியிருப்பு

முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் வீட்டுத் தேவை பெருகியது. ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகள் நெரிசல் மிகுந்திருந்தன. 1920இல் சென்னை நகரத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, ஏரி நிலத்தைக் குடியிருப்பாக்கும் பணி 1923 வாக்கில் தொடங்கியது. நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரும் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவருமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் புதிய நகருக்குச் சூட்டப்பட்டது. அவர் 1925இல் காலமானார்.

நகரின் நடுவில் பனகல் பூங்கா அமைக்கப்பட்டு, முக்கியச் சாலைகள் அதிலிருந்து பல திசைகளுக்குப் பிரிந்தன. உஸ்மான் சாலை, ஜி. என். செட்டி சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா ஆகியவை நீதிக்கட்சி சார்ந்த தலைவர்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. பாண்டி பஜாரின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. இதுவும் நீதிக்கட்சித் தலைவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரை நினைவூட்டுவது. அகன்ற சாலை, மரநிழல், தோட்டத்துடன் கூடிய தனி வீடு என்பதே தொடக்ககாலத் தி. நகரின் தோற்றம்.

கடைவீதியாக மாறிய விதம்

இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணம் போக்குவரத்து. 1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வழியில் இருந்த மாம்பலம் நிலையம் தி. நகரின் வாசலாயிற்று. பின்னர் அமைந்த பேருந்து நிலையமும் நகரின் பிற பகுதிகளையும் புறநகரையும் இதனுடன் இணைத்தது. ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெரு, வீடுகள் நிறைந்த தெருவாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அதைக் கடந்து சென்றதால் வீட்டு முகப்புகள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின.

1928இல் தொடங்கப்பட்ட நல்லி பட்டுக்கடை இப்பகுதியின் தொடக்ககால வணிக நிறுவனங்களுள் ஒன்று. பட்டுக்கடைகளைத் தொடர்ந்து நகைக்கடைகளும் பாத்திரக்கடைகளும் வந்தன. பின்னர் ஒரே கட்டடத்தில் எல்லாப் பொருள்களையும் விற்கும் பல மாடிக் கடைகள் எழுந்தன. திருமணத்திற்கான பட்டு, நகை, பாத்திரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கலாம் என்பதால் வெளியூர்க் குடும்பங்களும் இங்கு வந்தன.

குடியிருப்போர் பெற்ற நன்மைகள்

கடைகள் மட்டும் இப்பகுதியின் ஈர்ப்பு அல்ல. பள்ளிகள், மருத்துவமனைகள், வங்கிகள், கோயில்கள், உணவகங்கள் எல்லாம் அருகருகே உள்ளன. ஜி. என். செட்டி சாலையின் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இசை, நாடக நிகழ்ச்சிகளுக்குப் பெயர் பெற்றவை. கோடம்பாக்கம் அருகில் இருந்ததால் திரைக்கலைஞர் பலர் இங்கு குடியேறினர். நடிகர் சிவாஜி கணேசன் வாழ்ந்த போக் சாலை இன்று அவர் பெயரால் வழங்குகிறது. ம. கோ. இராமச்சந்திரனின் நினைவு இல்லம் ஆற்காடு தெருவில் உள்ளது. வாகனம் இல்லாத முதியவரும் மாணவரும் பிறர் துணையின்றி அன்றாடத் தேவைகளை முடித்துக்கொள்ள முடிவது இத்தகைய பகுதியின் பெரிய நன்மை.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நகரங்கள் பற்றிய நூலில், வீடும் கடையும் கலந்த தெருவில் எந்நேரமும் ஆள் நடமாட்டமும் அக்கம்பக்கத்தாரின் பார்வையும் இருப்பதால் அது பாதுகாப்பானது என்று வாதிட்டார். அந்நூலிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு பகுதி மிகுந்த வெற்றி பெறும்போது, அதிக வருவாய் தரும் ஒரே பயன்பாடு மற்றவற்றை வெளியேற்றி, அப்பகுதியின் கலப்புத் தன்மையை அழித்துவிடும் என்பதே அது. தி. நகரில் நிலமதிப்பு உயர உயரப் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு வணிகக் கட்டடங்களாயின. கடையடைத்த பின் விளக்கெரியும் வீடுகள் குறைந்தன.

நெரிசல், தீ, வெள்ளம்

குடியிருப்புக்காக வகுக்கப்பட்ட தெருக்களில் பல மாடிக் கடைகள் எழுந்தபோது விதிமீறல்கள் பெருகின. அனுமதியற்ற கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த 1998இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடையொன்றில் ஏற்பட்ட தீயில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2011 அக்டோபர் இறுதியில் விதிமீறிய கடைகள் பல முத்திரையிடப்பட்டன. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அவை 2012இன் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டன. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. சிதைந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது.

கடைகளில் பணிபுரிவோரும் இப்பகுதியின் குடியிருப்போரே. தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் கடைகள் ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கினர். 2010இல் வெளிவந்த, வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் அவர்களின் வாழ்வைக் கதைக்களமாகக் கொண்டது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது.

ஏரி இருந்த தாழ்நிலம் என்பதால் மழைநீரும் இங்கு சிக்கலாகவே தொடர்கிறது. மழைநீரை அடையாற்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மாம்பலம் கால்வாய் குறுகியும் அடைபட்டும் போனது. 2015, 2021 மழைகளில் தெருக்களும் சுரங்கப்பாதைகளும் நீரில் மூழ்கின.

அண்மைக்கால முயற்சிகள்

2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாலம் பயன்பாட்டுக்கு வந்தது. பனகல் பூங்கா அருகே சுரங்க மெட்ரோ நிலையமும் திட்டமிடப்பட்டது. இவை நடப்போருக்கு வசதியளிக்கின்றன. ஆயினும் இவை முதன்மையாக வந்து செல்வோருக்கான ஏற்பாடுகளே.

மதிப்பீடு

தி. நகரின் சிக்கலுக்குக் கூட்டம் மட்டும் காரணம் அன்று. வீடு, பள்ளி, கடை, சபா ஆகியவை கலந்திருந்ததே அதன் உயிரோட்டம். கடைகள் மட்டும் பெருகத் தீயணைப்பு வண்டிக்கான வழி, மழைநீருக்கான வழி, குடியிருப்போருக்கான இடம் ஆகிய மூன்றும் சுருங்கின. ஒரு கடைவீதியின் வளர்ச்சியை விற்பனையால் மட்டுமன்றி, அங்குத் தொடர்ந்து வாழ முடிகிறவர்களின் நிலையாலும் அளவிட வேண்டும் என்பதை இந்நகரின் வரலாறு காட்டுகிறது. 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஓசூர் போன்று வேகமாக வளரும் ஊர்களுக்கு இது பொருந்தும். அங்கெல்லாம் ஏரிக்கும் தெரு அகலத்திற்கும் எல்லை வகுக்க இன்னும் வாய்ப்பு உள்ளது.