தரிசு நிலம் யாருக்குச் சொந்தம்?



ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் இன்று ஒரு கிரவுண்டு மனை வாங்குவதே பெரும்பாடு. ஆகவே முள் மண்டிக் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு நிலத்தைக் கண்டால், "மத்ரஸாவுக்கோ கப்ருஸ்தானுக்கோ கேட்டுப் பெறலாமே" என்ற பேச்சு எழுவது இயல்பு. ஆனால் அந்த நிலம் யாருடையது? இக்கேள்வி நம் பழைய செங்கல்பட்டுச் சீமையில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது.

மார்க்கச் சட்டம் கூறுவது

பயன்பாடற்ற நிலத்தை 'மவாத்' என்பர் ஃபுகஹாக்கள். அதைத் திருத்திப் பயிரிட்டு உரிமை பெற ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அனுமதி தேவையில்லை என்றார்கள். எனினும் ஒன்றில் அனைவரும் ஒருமித்துள்ளனர். அந்த நிலத்தில் எவருடைய உரிமையும் இருக்கக் கூடாது. ஊரார் ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்படுத்தும் நிலம் 'மவாத்' ஆகாது.

மிராசும் தரிசும்

ஆற்காடு நவாப் முஹம்மது அலீ வாலாஜா கும்பெனிக்கு ஜாகீராக வழங்கிய இச்சீமையைத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, மானியம் ஆகியவை அக்கணக்கில் ஏறின. வரிவிதிப்புக்கு வெளியே நின்ற ஏரி, பாதை, சுடுகாடு போன்றவை புறம்போக்கு எனப்பட்டன. அவை ஊரின் பொது உடைமை. 'புறம்போக்கு' என்றால் நாதியற்றது என்று இன்று பேசுவது பிழை.

பயிரிடாத தரிசு நிலத்தில்தான் வழக்கு மூண்டது. அது தங்களுடையது என்றனர் மிராசுதாரர்கள். சர்க்காருடையது என்றனர் அதிகாரிகள் பலர். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், 1818இல் வெளியான தமது மிராசு பற்றிய விளக்கத்தில் மிராசுதாரர் பக்கம் நின்றார். இந்த விவாதத்தில் நிலத்தை உழுத அடிமட்ட மக்களின் குரல் எழவே இல்லை.

செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையே அவர்களின் நிலையை வெளிச்சமிட்டது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றது. 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010ஆம் எண் அரசாணையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. இவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பின்னரும் அதே பிரிவினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இருந்தும் பல நிலங்கள் கைமாறின. 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் உயிரிழந்தனர். சும்மா கிடக்கும் ஒரு நிலத்துக்குள் எத்தனை கண்ணீர் புதைந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

வக்ஃபும் இனாமும்

பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப் ஷா காலத்திலேயே, 1653இல், பள்ளிவாசல் எழுந்துவிட்டது. இத்தகைய பழைய ஊர்களில் பள்ளிக்கும் தர்காவுக்கும் கத்தீபுக்கும் இனாம் நிலம் விடுவது அக்கால வழக்கம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் அவற்றை விசாரித்துப் பதிவு செய்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்பின் அந்நிலங்கள் ரயத்துவாரிப் பட்டாவாக மாறின. ஊழியத்துக்காக விடப்பட்டது குடும்பச் சொத்தாக எண்ணப்பட்ட இடங்களும் உண்டு. வக்ஃபு நிலத்தை மீட்கக் காலவரம்பு கிடையாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பாதுகாப்பை 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. நாம் கவனியாது விட்டால் இழப்பு நிரந்தரமாகிவிடும்.

தேடும் முறை

முதலில் சர்வே எண்ணை அறிய வேண்டும். பிறகு புல வரைபடம், 'அ' பதிவேடு, சிட்டா ஆகியவற்றைத் தாலுகா அலுவலகத்தில் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. அதுவே முழு உரிமைச் சான்று ஆகாது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டால்தான் பெயர் எங்கே மாறியது என்பது விளங்கும். இனாம் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஏடுகளைச் செங்கல்பட்டு மாவட்டப் பெயரில்தான் தேட வேண்டும்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் வரும் கழுத்துச் சுமை பற்றி நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை நாம் அறிவோம். நம் வக்ஃபு பறிபோகக் கூடாது என்று துடிக்கும் நாம், பஞ்சமி நிலத்திலோ ஏரிப் புறம்போக்கிலோ நம் சுவர் நில்லாதிருக்கவும் அதே துடிப்புக் கொள்ள வேண்டும். பிறர் உரிமை கலந்த மண்ணில் எழும் கட்டடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதில் பரக்கத் இராது.

ஹலாலான இடத்தையே நமக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.