வனாத்தமுல்லை: ஸ்கோர் அட்டையில் இல்லாத ஊர்

பொரளையிலிருந்து வனாத்தமுல்லைப் பக்கம் போனால் தொடர்மாடிகளும் நெருக்கமான சிறு வீடுகளும் வரும். அவற்றுக்குப் பக்கத்தில்தான் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு இருக்கிறது. எங்களில் பலருக்கு வனாத்தமுல்லை எண்டால் பொலிஸ் செய்திகளில் அடிபடும் ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் இலங்கையின் டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கினது இங்கதான்.

மைதானம் தமிழ் யூனியன் கழகத்துடையது. அந்தக் கழகம் தொடங்கிய 1899இலேயே எஸ்.எஸ்.சி. எனப்படும் சிங்கள விளையாட்டுக் கழகமும் தொடங்கியது. சோனகர், மலாயர், பறங்கியர் எண்டு மற்றவர்களுக்கும் தனித்தனிக் கழகங்கள் இருந்தன. காலனித்துவக் கொழும்பு ஆட்களை இனமாக எண்ணிப் பழகியது. விளையாட்டும் அதே கணக்கில்தான் வளர்ந்தது.

ஆனாலும் ஆட்டம் அந்த வேலிக்குள் நிற்கவில்லை. கொழும்பு ஓவல் எண்டு அழைக்கப்பட்ட காலத்தில், 1948 மார்ச்சில், பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கே ஆடியது. இலங்கை அணித்தலைவர் தமிழ் யூனியனின் மகாதேவன் சதாசிவம். ஆடுகளம் ஆறடி குறைவாக அளக்கப்பட்டிருந்த கதையை கிரிக்கெட் பிரியர்கள் இண்டைக்கும் சொல்லுவார்கள்.

1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கையின் முதல் டெஸ்ட் இங்கே தொடங்கியது. இங்கிலாந்திடம் தோற்றோம். ஆனால் 18 வயதுப் பாடசாலை மாணவன் அர்ஜுன ரணதுங்க அரைச்சதம் அடித்தார். 1985 செப்டெம்பரில் இதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்றோம். அதுதான் எங்கட முதல் டெஸ்ட் வெற்றி.

இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் 1983 ஜூலை இருக்கிறது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் இறுதிக்கிரியைக்காக 24ஆம் திகதி கனத்தை மயானத்தில் கூட்டம் கூடியது. அண்டிரவு பொரளையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. மயானத்திலிருந்து ஓவலுக்கு நடந்தே போகலாம். தமிழர் பெயரைக் கொண்ட கழகத்தின் புல்தரையில் நாடு முதல் வெற்றியைக் கொண்டாடியபோது, அந்த ஜூலைக்கு இரண்டு வயதுதான்.

கிரிக்கெட் வரலாறு 1982ஐயும் 1985ஐயும் சொல்கிறது. அரசியல் வரலாறு 1983ஐச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை எண்டு ஒண்டாகச் சொல்வது குறைவு. ஸ்கோர் அட்டையிலும் "கொழும்பு" எண்டுதான் இருக்கும், வனாத்தமுல்லை இருக்காது.

கிரிக்கெட் எங்களை ஒற்றுமையாக்கியது எண்டு சொல்வது லேசு. அந்த வெற்றி பொய்யில்லை, அந்தத் தீயும் பொய்யில்லை. ஒண்டைச் சொல்லி மற்றதை மறைக்கிற வரலாறு எங்களுக்குப் போதாது. விளையாட்டு மரபு எண்டு பேசும்போது கிண்ணங்களோடு சேர்த்து, மைதானத்துச் சுவருக்கு வெளியில இருக்கிற தெருக்களையும் அங்க வாழ்ந்த, வாழ்கிற சனங்களையும் எழுத வேண்டும். உங்கட ஊர் மைதானத்துக்கும் இப்படியொரு கதை இருக்கலாம், தேடிப் பாருங்கோ.