அலைப்பலகைக்கு இறக்கை வந்த வரலாறு

ஹைட்ரோஃபாயில் என்பது காற்றில் அல்லாமல் நீருக்குள் இயங்குமாறு அமைக்கப்பட்ட இறக்கையாகும். கடல்நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைவிட எண்ணூறு மடங்குக்கும் மேற்பட்டது என்பதால், விமானத்துக்குப் பல சதுர மீட்டர் பரப்பில் தேவைப்படும் இறக்கை நீரில் மிகச் சிறிதாக இருந்தாலே போதும். ஏறத்தாழ 1,500 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இறக்கை, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்திலேயே ஓர் ஆளையும் அவர் நிற்கும் அலைச்சறுக்குப் பலகையையும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். இத்தகைய இறக்கையை இன்று ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கார்பன் இழையும் பிசினும் கொண்டு செய்துகொள்கின்றனர். தனித்தனியே வளர்ந்த வடிவ அறிவும் பொருளறிவும் செய்முறை அறிவும் எவருக்கும் எட்டும்படி வெளிவந்ததாலேயே இது கைகூடியது.

தொடக்கத்தில் இந்நுட்பம் பெரும் பொருட்செலவு செய்ய வல்லோரிடம் மட்டுமே இருந்தது. இத்தாலியப் பொறியாளர் என்ரிக்கோ ஃபோர்லானினி 1906இல் மஜ்ஜோரே ஏரியில் ஓட்டிய படகு, ஏணிப்படிகள் போல் அடுக்கப்பட்ட இறக்கைகளின்மீது எழும்பி மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1911இல் அப்படகில் பயணம் செய்து பார்த்தார். பின்னர் பொறியாளர் கேசி பால்ட்வினுடன் இணைந்து அவர் உருவாக்கிய எச்டி-4 என்னும் கலம், 1919 செப்டம்பர் 9 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் சென்று உலகச் சாதனை படைத்தது.

இறக்கையின் வெட்டுமுகம், அதாவது அதைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வடிவம், எப்படி இருக்கவேண்டும் என்ற அறிவு விமானவியலிலிருந்து வந்தது. அமெரிக்க அரசின் வானூர்தி ஆலோசனைக் குழுவான நாகா, காற்றுச் சுரங்கத்தில் சோதித்த 78 வெட்டுமுகங்களின் அளவுகளை 1933இல் வெளியிட்டது. நாகா 2412 என்ற பெயரில் முதல் இலக்கம், மையக்கோட்டின் வளைவு இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடைப்பட்ட நீளத்தில் 2 விழுக்காடு என்பதையும், அடுத்தது அவ்வளைவு 40 விழுக்காட்டுத் தொலைவில் உச்சம் பெறுவதையும், கடைசி இரண்டும் தடிமன் 12 விழுக்காடு என்பதையும் குறிக்கும்; இப்பெயரை அறிந்தவர் எவரும் வாய்பாட்டின்படி அவ்வடிவத்தைத் தாளில் வரைந்துவிடலாம். எம்ஐடி பேராசிரியர் மார்க் டிரேலா 1986இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் நிரல், இத்தகைய வெட்டுமுகங்களின் செயல்பாட்டைக் கணிக்கும் வேலையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்ததுடன் பின்னாளில் இலவசமாகவும் கிடைத்தது. டிரேலாவே 1991இல் டெக்காவிட்டேட்டர் என்னும் மிதித்தியங்கும் ஹைட்ரோஃபாயில் கலத்தைச் சார்லஸ் ஆற்றில் 18.5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 34 கிலோமீட்டரில், செலுத்தி மனித ஆற்றலுக்கான சாதனையைப் படைத்தார்.

பொருளறிவைத் தந்தவர்கள் கலிபோர்னியாவின் பலகைத் தொழிலாளர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வளர்ந்த கண்ணாடி இழையும் பாலியஸ்டர் பிசினும் போருக்குப் பின் கடைகளுக்கு வந்தபோது, பாப் சிம்மன்ஸ் போன்றோர் அவற்றைப் பால்சா மரப் பலகைகளின்மேல் போர்த்தினர். 1950களின் இறுதியில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் மரத்துக்கு மாற்றாகப் பாலியூரித்தேன் நுரையைப் புகுத்தினர். தமிழகத்தில் தெர்மாகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரை அதைவிட இலேசானது என்றாலும், பாலியஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும்; ஆகவே அதன்மீது எபாக்சி பிசினையே பூசவேண்டும். அமெரிக்கப் பலகைத் தொழிலுக்குப் பெரும்பங்கு நுரைக்கட்டிகளை அளித்துவந்த கிளார்க்கின் ஆலை 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டதால், செதுக்குவோர் பலர் பாலிஸ்டைரீனுக்கும் எபாக்சிக்கும் திரும்பினர்.

செய்முறையைத் தந்தவருள் முதன்மையானவர் விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன். 1975இல் பறந்த அவருடைய வேரிஈஸ் விமானத்துக்கு உலோக அச்சுகள் தேவைப்படவில்லை. நுரைக்கட்டியின் இருபுறமும் வெட்டுமுக வடிவிலான தகடுகளைப் பொருத்தி, மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியை அவற்றின் விளிம்போடு இழுத்தால் இறக்கையின் உட்கரு கிடைத்துவிடும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் தோய்த்துப் போர்த்தும் முறையை விளக்கும் வரைபடங்களை அவர் பொதுமக்களுக்கு விற்றார்.

அலைப்பலகைக்கு இறக்கை வந்த வழி சற்றுச் சுற்றானது. மோட்டார் படகு இழுத்துச் செல்ல, அமர்ந்தபடி சவாரி செய்யும் ஏர்சேர் என்னும் கருவியை மைக் மர்ஃபியும் பாப் வூலியும் உருவாக்கியிருந்தனர். அதன் இறக்கையை ஹவாயின் மௌயித் தீவில் அலைச்சறுக்கு வீரர் லேர்ட் ஹாமில்டனும் தோழர்களும் பலகையில் பொருத்தி, பனிச்சறுக்குக் காலணிகளால் கால்களைப் பிணைத்துக்கொண்டு பேரலைகளில் சென்றனர். 2016இல் அதே தீவின் காய் லென்னி, கால்களைப் பிணைக்காமலேயே துள்ளித் துள்ளி ஓர் அலையிலிருந்து மற்றோர் அலைக்குச் சென்ற காட்சிகள் பரவிய பின்னரே, அகன்ற, மெதுவான இறக்கைகளின் தேவை பெருகியது.

கொட்டகையில் நடக்கும் வேலையில் இம்மூன்று அறிவுகளும் ஒன்றுகூடுகின்றன. நீரின் விசை இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைப்பதால் மேற்பரப்பு அழுந்துகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது. இதைத் தாங்க ஒரே திசையில் ஓடும் கார்பன் இழைகள் நுனிக்கு நுனி நீளவாக்கில் இடப்படுகின்றன. இறக்கை முறுக்கிக்கொள்ளாதிருக்க, அவற்றின்மேல் 45 பாகைச் சாய்வில் குறுக்கிட்டோடும் இழைத்துணி போர்த்தப்படுகிறது. பின்னர் முழுவதையும் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தால், வளிமண்டலமே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு நிகராக எங்கும் ஒரே சீராக அழுத்தி, மிகுதிப் பிசினை வெளியேற்றுகிறது. இறக்கையைத் தாங்கும் தண்டு அலுமினியமாக இருந்தால், கார்பனும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருக்கையில் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும் என்பதால், இரண்டுக்கும் இடையே ஒரு படலம் கண்ணாடி இழை வைக்கப்படுகிறது. இறுதியில் மிஞ்சுவது உப்புத்தாள் வேலை. பின்விளிம்பு மொண்ணையாக இருந்தால் சுழல்கள் மாறிமாறிப் பிரிந்து இறக்கை ஓடும்போது ஊளையிடும், விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தபின் அவ்வொலி அடங்கும்.

ஃபோர்லானினிக்கும் பெல்லுக்கும் பட்டறையும் செல்வமும் தேவைப்பட்ட ஒன்றை ஒரு தனிமனிதர் இன்று செய்துமுடிப்பதற்குத் திறமை மட்டும் காரணமன்று. பொதுப்பணத்தில் கிடைத்த அளவுகளை நாகா பூட்டிவைத்திருந்தாலோ, ரூட்டன் தம் முறையைத் தொழில் இரகசியமாகக் காத்திருந்தாலோ, கையில் இழையும் பிசினும் இருந்தும் அவற்றுக்கு என்ன வடிவம் தருவது என்பதை ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே தேடியிருக்க நேரிட்டிருக்கும். கைத்தொழில் ஒன்று தழைப்பதற்குக் கருவியும் பொருளும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது அறிந்ததை அச்சிட்டுப் பகிரும் வழக்கம் என்பதற்கு இந்த இறக்கை உறுதியான சான்றாகும்.