பிராகில் வென்ற பஞ்சாப்காரர்



சதுரங்கம் படித்தவர்களும் பணக்காரர்களும் ஆடும் ஆட்டம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை மாற்றக்கூடிய ஒருவரின் வரலாற்றை இன்று காண்போம். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள பஞ்சாப் பகுதியில், மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தவர் அவர். சிறுவயதில் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் செல்லும். அவருடைய திறமையைக் கண்ட பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான், அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய முறையைக் கற்பித்தார். 1929இல் அவருடன் லண்டன் சென்ற சுல்தான் கான், அவ்வாண்டே பிரிட்டிஷ் வெற்றிவீரர் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார்.

அந்நாளில் நாடுகளுக்கிடையே நான்கு நான்கு பேர் கொண்ட குழுக்கள் மோதும் ஒலிம்பியாட் போட்டி நடைபெற்றது. முதல் பலகையில் ஆடுபவர் ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரையும் எதிர்கொள்ள வேண்டும். இங்கிலாந்துக் குழு அந்த இடத்தைச் சுல்தான் கானுக்கு அளித்தது. 1930இல் ஹம்பர்க் நகரில் 17 ஆட்டங்களில் 11 புள்ளிகள் பெற்றார்.

மறு ஆண்டு, 1931இல், பிராக் நகரில் 19 நாடுகள் கூடின. அங்கே அவர் ஆடிய 17 ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி! புகழ்பெற்ற ரூபின்ஸ்டைனையும் ஃபுளோரையும் வென்றார். உலக வெற்றிவீரர் அலெகைனுடன் சமன் செய்தார். ஆட்டத் தொடக்கங்களை விளக்கும் ஐரோப்பிய நூல்களை ஆழ்ந்து பயின்றவர் அல்லர் அவர். மலேரியாவும் சளியும் அவரை அடிக்கடி வாட்டின. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் ஆடினார். குளிர்க்காய்ச்சலோடு வேலைக்குச் சென்ற நம் பாட்டன் பாட்டிமாருக்கு அந்த வேதனை புரியும்.

1933இல் ஃபோக்ஸ்டன் நகரப் போட்டிக்குப் பின் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில், சர் உமரின் இல்லத்தில் பணியாற்றிய பாத்திமா என்ற பெண்மணி பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றது குறிப்பிடத்தக்கது.

சுல்தான் கானை வேலைக்காரர் என்றே பலர் எழுதினர். அவர் நிலமுடைய குடும்பத்தவர், சதுரங்கத்திற்காகவே அமர்த்தப்பட்டவர் என்று அவருடைய குடும்பத்தார் மறுக்கின்றனர். எவ்வாறாயினும், ஆடும் வாய்ப்பு இன்னொருவர் கையில்தான் இருந்தது. ஊர் திரும்பிய பின் பெரும் போட்டிகளில் அவர் ஆடவில்லை. பிள்ளைகளுக்கும் சதுரங்கம் பயிற்றுவிக்கவில்லை. பயனுள்ள வேறு வேலையைப் பாருங்கள் என்றே சொன்னாராம்.

1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. பிராகில் அவரிடம் தோற்ற ரூபின்ஸ்டைனும் ஃபுளோரும் அப்பட்டியலில் இருந்தனர். அவர் பெயர் இல்லை. 1966இல் அவர் மறைந்தார். 2024ஆம் ஆண்டில்தான் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

நேயர்களே, பட்டம் தாமதமாக வந்தது. ஆனால் பிராகில் பெற்ற வெற்றிகள் அன்றே ஏட்டில் பதிந்துவிட்டன. நம் பிள்ளைகளிடமும் இத்தகைய ஆற்றல் இருக்கலாம். அதைக் கண்டறிந்து, உரிய காலத்தில் வழிவிடுவது நம் கடமை.